பத்து வயசுக்கு மேல பிள்ளை எந்த நோட்டுல இருக்கு?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேச வேண்டிய பாடம்)



சென்ற இதழில் வங்கிக் கடனின் தவணைக் கணக்கைப் பார்த்தோம். இந்த மாதம் பணக் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு பிள்ளைக் கணக்கைப் பார்ப்போம்.

நம் ஊரில் ஒரு பெண் உண்டானதும் அவள் பெயர் நோட்டில் ஏறிவிடுகிறது. கிராம சுகாதார செவிலியர் ஒரு நோட்டில் எழுதுகிறார். அங்கன்வாடி டீச்சர் இன்னொரு நோட்டில் எழுதுகிறார். பிள்ளை பிறந்தால் எடை, தடுப்பூசி, அடுத்த ஊசி எந்தத் தேதி என்று எல்லாம் பதிவாகிறது. மாதாமாதம் எடை போட்டு, கோடு மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். 2 மாதம் எடை ஏறவில்லை என்றால் டீச்சரே வீட்டுக்கு வந்து கேட்கிறார், ‘என்னம்மா, பிள்ளைக்கு என்ன குடுக்குற?’

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் நோட்டு மாறுகிறது. பள்ளியில் வருகைப் பதிவேடு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு வேனில் வந்து பல், கண், காது பார்த்துவிட்டுப் போகிறது. அதுவரைக்கும் சரி. அதே பிள்ளை 14 வயதில், 15 வயதில் பள்ளியை விட்டு நின்றுவிட்டால்? அது எந்த நோட்டில் இருக்கிறது? அது சாப்பிட்டதா, வளர்கிறதா, யாரோடு போகிறது, யார் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று யார் கேட்கிறார்கள்?

நம் குழுக்களில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த வயதில் பிள்ளைகள் இருப்பார்கள். அதனால்தான் இந்தப் பாடம்.

சின்னப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய ஊர்

பிள்ளை வளர்ப்பை வீட்டு விஷயம் என்று விட்டுவிடாமல் ஊர் விஷயமாக எடுத்துக்கொண்டதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. 1956-ல் காமராசர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு. 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரைக்கும் இந்த வரிசை வருகிறது. காலை உணவு சமைக்கிறவர்கள் யார்? பல ஊர்களில் நம் மகளிர் குழு உறுப்பினர்களேதான்.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சத்துமாவு கொடுக்கவில்லை. 3 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் மாதாமாதம் எடை போட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எடை சரியாக ஏறவில்லையோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு கொடுத்தார்கள். தேறியதும் நிறுத்திவிட்டு, மறுபடியும் எடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஊரிலேயே பெண்கள் குழுவாகச் சேர்ந்து அந்தச் சத்துணவை உருண்டை பிடித்துக் கொடுத்த இடங்களும் உண்டு. 1989-ல் தர்மபுரியில் நம் மகளிர் குழுக்கள் பிறப்பதற்கும் முன்னால் நடந்தது இது.

இந்தத் திட்டத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உருண்டையை அல்ல. ‘எல்லாப் பிள்ளையையும் பார், சறுக்குகிற பிள்ளையை உடனே பிடி’ என்ற முறைதான் அதில் முக்கியம். சறுக்கி விழுந்த பிறகு தூக்குவதற்கு ஆகிற செலவைவிடக் குறைவு, சறுக்கும்போதே பிடிப்பதற்கு. கடன் தவணையிலும் நாம் இதைத்தானே செய்கிறோம்? ஒரு உறுப்பினர் ஒரு தவணை தவறினால் மறுநாளே பிரதிநிதி வீட்டுக்குப் போகிறாரா இல்லையா?

10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அப்படிப் பார்க்கிற ஏற்பாடு குறைவு. வளரிளம் பெண்களுக்கென்று மத்திய அரசு 2010-ல் ‘சப்லா’ என்ற திட்டத்தைச் சில மாவட்டங்களில் கொண்டுவந்தது. பிறகு அது மாறி மாறி, இப்போது முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று குறிக்கப்பட்டவற்றில் 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட மாவட்டங்கள் ராமநாதபுரமும் விருதுநகரும்தான். மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு? தொண்டு நிறுவனங்கள் வருகின்றன, நல்ல காரியங்கள் செய்கின்றன. ஆனால் பெரும்பாலும் 3 வருடத் திட்டம். நிதி முடிந்ததும் ஆட்கள் போய்விடுவார்கள், சுவரில் எழுதிய பெயர் மட்டும் நிற்கும். குறை சொல்வதற்காக எழுதவில்லை, அவர்களுடைய கணக்கு அப்படி. நம் கூட்டமைப்பு எங்கேயும் போகப் போவதில்லை. நாம் இந்த ஊரிலேயே பிறந்தோ வாழ்க்கைப்பட்டோ இருப்பவர்கள். அதனால் இந்த வேலையை நிரந்தரமாகச் செய்ய முடிந்தவர்கள் நாம்தான்.

இந்த வயசுல உடம்பு என்ன கேக்குது?

பிறந்து முதல் ஒரு வருடம் பிள்ளை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு அதே மாதிரி வேகமாக வளர்கிற காலம் இந்த 10 வயதுக்கு மேல்தான். பெண்பிள்ளைகள் 10லிருந்து 13 வயதுக்குள் மளமளவென்று உயர்கிறார்கள். பையன்கள் இரண்டு வருடம் பிந்தி உயர்கிறார்கள். ‘அவ கொக்கு மாதிரி வளந்துட்டா, இவன் அப்படியே இருக்கானே’ என்று 12 வயதுப் பையனைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், பின்னால் பிடித்துவிடுவான். ஆனால் பெண்பிள்ளைக்கு ஒரு விஷயம் உண்டு. வயதுக்கு வந்த பிறகு வளர்த்தி குறைந்துகொண்டே வந்து, பொதுவாக இரண்டு மூன்று வருடத்தில் நின்றுவிடும். அதனால் சத்து கொடுக்க வேண்டியது வயதுக்கு வருவதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். நாமோ சடங்கு சுற்றும்போது உளுந்தங்களி, முட்டை, நல்லெண்ணெய் என்று பதினைந்து நாள் ஓடி ஓடிக் கொடுத்துவிட்டு, அப்புறம் பழைய சோத்துக்குப் போய்விடுகிறோம். உளுந்தங்களி நல்லதுதான். அதை 10 வயதிலிருந்து வாரம் இரண்டு தடவை கொடுத்தால் இன்னும் நல்லது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று வந்திருக்கிறது. நம் குழுவில் 16 பேர் உட்கார்ந்திருந்தால் 8 பேருக்கு இருக்கலாம் என்று அர்த்தம். இது கல்யாணத்துக்கு அப்புறம் வருகிற வியாதி இல்லை. மாதவிலக்கு தொடங்கிய வயதிலேயே ஆரம்பித்து, பிரசவத்தில் வெளியே தெரிகிறது.

இதற்காகத்தான் பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். 10 முதல் 19 வயதுக்கு நீலம், அதற்குக் கீழே உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு. பள்ளிக்குப் போகாத பெண்பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் உண்டு. இது பல அம்மாக்களுக்குத் தெரியாது, வீட்டில் இருக்கிற பெண் போய்க் கேட்பதும் இல்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால்தான். சாப்பாட்டோடு டீ, காப்பி குடித்தால் சோற்றில், கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. குறைந்தது ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். முருங்கைக்கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று சேர்ந்தால் சத்து நன்றாக ஒட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை குடற்புழு மாத்திரையும் அதே பள்ளியில், அங்கன்வாடியில் கிடைக்கிறது. வயிற்றில் புழு இருந்தால் நாம் கொடுக்கிற எள்ளுருண்டையை அதுதான் சாப்பிடும்.

இன்னொன்று, விளையாட்டு. வயதுக்கு வந்த அன்றோடு பெண்பிள்ளையின் விளையாட்டு நின்றுவிடுகிறது. எலும்பு உறுதிப்படுகிற வயதே அதுதான். ஓடணும், குதிக்கணும், வெயிலில் நிற்கணும். ஊர் மைதானத்தைப் பாருங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளா?

சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரை

பள்ளி விடுவது நாலரை. கூலி வேலைக்கு, நூறு நாள் வேலைக்கு, கம்பெனிக்குப் போன அம்மா வீடு வந்து அடுப்பு பற்ற வைக்க ஆறு, ஏழு ஆகிவிடும். இந்த இரண்டரை மணி நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? சிலர் டி.வி., போன். சிலர் டீக்கடை பெஞ்சு. பெண்பிள்ளையாக இருந்தால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு தனியாக வீட்டில். கெட்ட காரியம் நடப்பதானால் பெரும்பாலும் தெரிந்த ஆட்களாலேயே நடக்கிறது. கூட்டமைப்பு எதையாவது ஒன்றைத் தொடங்குவதென்றால் இந்த நேரத்துக்குத் தொடங்குவது நல்லது என்பது எங்கள் கருத்து.

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழை 1987-லிருந்து நடத்துகிறது. அதை வைத்து ஊர்களில் பிள்ளைகள் கூடி, சோதனை செய்து, பாடி, விளையாடுகிற துளிர் இல்லங்கள் பல நடந்தன. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் நம் ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக மாலையில் பாடம் சொன்னார்கள். அது 8ஆம் வகுப்பு வரைக்கும்தான். நாம் பேசுகிற பிள்ளைகளில் பெரியவர்கள் அதற்கு மேலே இருக்கிறார்கள்.

மாலை மையம் என்றதும் டியூஷன் என்று நினைத்துவிடக் கூடாது. டியூஷனாக ஆக்கினால் படிக்கிற பிள்ளை மட்டும் வரும். நாம் யாரைத் தேடுகிறோமோ அந்தப் பிள்ளை வராது. முதல் அரை மணி சுண்டல், பேச்சு, சிரிப்பு. அப்புறம் விளையாட்டு. அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பசியோடு வந்த பிள்ளைக்குக் கணக்கு ஏறாது.

இடத்துக்கு அலைய வேண்டாம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கட்டடம், ஊர் நூலகம், சாயங்காலம் பூட்டிக் கிடக்கிற பள்ளி வகுப்பறை ஏதாவது ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். ஊராட்சித் தலைவரிடமும் தலைமை ஆசிரியரிடமும் தீர்மான நகலோடு போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மையத்தைப் பார்த்துக்கொள்ள, பிளஸ் டூ முடித்த அல்லது காலேஜ் போகிற உள்ளூர்ப் பெண் ஒருவரும், குழுவிலிருந்து முறை வைத்து ஒரு அம்மாவும். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது. இது யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை. இப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டால் நல்லவர்களுக்கும் பாதுகாப்பு. ஏழு மணிக்குப் பெண்பிள்ளைகளைத் தெருவாரியாகச் சேர்த்து வீட்டில் விடுவதும் அந்த முறைக்கார அம்மாவின் பொறுப்பு.

செலவு என்னவாகும் என்று பார்த்துவிடுவோம். 20 பிள்ளைகள், ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை அல்லது பயறு. ஒரு நாளைக்கு 600 கிராம், வாரம் 5 நாளைக்கு 3 கிலோ, மாதம் 12 கிலோ. கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் 1,080 ரூபாய். தாளிக்க எண்ணெய், விறகு தனி. இன்னொரு பக்கம் 10 குழு, குழுவுக்கு 15 பேர், ஆளுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு தொகை கொடுக்க இது போதாது என்பது உண்மைதான். அதற்குக் கூட்டமைப்பின் சேவைக் கட்டணத்திலிருந்து ஒதுக்கலாமா என்று பேச வேண்டும். சம்பளம் இல்லாமல் ஒரு பெண்ணை வருடக்கணக்கில் வேலை வாங்குவது நமக்கு அழகல்ல.

விளையாட்டுச் சாமான் வாங்கும்போது ஒன்று கவனிக்கவும். கேரம் போர்டு வாங்கினால் இரண்டாம் நாளே பையன்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், பெண்பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் மைதானமும் சாமானும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் மாதம் சலசலப்பு இருக்கும், அப்புறம் அடங்கிவிடும்.

சுவரில் ஒரு பக்கம் அளவுகோல் வரையுங்கள். ஜூனில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை உயரமும் எடையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வளர்கிற வயதில் ஆறு மாதத்தில் உயரமும் ஏறவில்லை, எடையும் ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். மெலிந்து வெளிறி இருந்தால் ரத்தப் பரிசோதனை கேட்கலாம், இலவசம்தான். இந்தப் பக்கத்தில் பிள்ளை பெயர், பிறந்த தேதி, பள்ளி, வகுப்பு எல்லாம் இருக்க வேண்டும். வயதுக்கு வந்தது, வீட்டுச் சண்டை, அப்பா குடி போன்றவற்றை அந்த நோட்டில் எழுதவே கூடாது. நோட்டு நாலு பேர் கைக்குப் போகும்.

மாதவிலக்கைப் பற்றிப் பேச ஒரு நாள் ஒதுக்கி, செவிலியரை அழையுங்கள். அரசு கொடுக்கிற நாப்கின் கைக்கு வருகிறதா, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறதா என்று பெண்பிள்ளைகளையே கேளுங்கள். தண்ணீர் இல்லாததால் மாதம் நாலு நாள் வீட்டில் நிற்கிற பிள்ளை, மெதுவாகப் பாடத்தில் பின்தங்கி, அப்புறம் ஒரேயடியாக நிற்கிறது.

ரிசல்ட் வருகிற மே மாதம்

பிள்ளைகள் கை நழுவிப் போகிற இடம் ஒன்று நமக்கு நன்றாகத் தெரியும். 10ஆம் வகுப்பு ரிசல்ட். இரண்டு பாடத்தில் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் திட்டு, அழுகை. ஒரு வாரம் கழித்து மில் வேன் ஆள் வருகிறார், ‘மூணு வருசம் இருந்தா மொத்தமா பணம், கல்யாணத்துக்கு ஆகும்’ என்கிறார். மேற்கு மாவட்டத்து நூல் மில்களுக்கு சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண்பிள்ளைகள் போன கதை எல்லோரும் அறிந்தது. பையனாக இருந்தால் வடநாட்டு முறுக்குக் கம்பெனி, போர்வெல் வண்டி, செங்கல் சூளை. கையில் முன்பணம் வந்துவிட்டால் பிள்ளை திரும்புவது கஷ்டம். ‘ஆம்பளப் புள்ள தானே, சமாளிச்சுக்குவான்’ என்பதும் தப்பு. 15 வயதுப் பையன் பிள்ளைதான். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும், 18 வயதுக்குக் கீழே ஆபத்தான வேலையும் கூடாது என்று 2016-ல் திருத்திய சட்டம் சொல்கிறது.

தோற்ற பாடங்களுக்கு ஜூன், ஜூலையிலேயே துணைத் தேர்வு உண்டு. எழுதித் தேறினால் அந்த வருடமே 11ஆம் வகுப்பில் சேரலாம், வருடம் வீணாகாது. விண்ணப்பிக்க இருப்பது சில நாட்கள்தான், அதற்குள் போக வேண்டும். மாலை மையம் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில் பாதிப் பலன் இந்த ஆறு வாரத்தில் கிடைத்துவிடும். ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் ஊரில் 10ஆம் வகுப்பு எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் குழுவிலிருந்து ஒருவர் போக வேண்டும். தேறிய வீட்டுக்கும் போங்கள், அப்போதுதான் தோற்ற வீட்டுக்குப் போவது அசிங்கமாக இருக்காது. சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417-ல் கேட்கலாம்.

‘படிச்சு என்னத்த கிழிக்கப் போறா’ என்று வீட்டில் சொன்னால் கணக்காகவே பதில் சொல்லுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே ஏறும். 2022 செப்டம்பரில் தொடங்கியது. முன்னால் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குக் கொடுத்த உதவியைத்தான் படிப்புக்கு மாற்றினார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன்.

தூரமும் ஒரு காரணம். 1991 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுப் பெண்களும் அப்புறம் கற்றுக்கொண்டார்கள். அரசு சைக்கிள் 11ஆம் வகுப்பில்தான் வருகிறது. உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பிள்ளைக்கு 9ஆம் வகுப்பிலேயே சைக்கிள் வேண்டும். மாட்டுக்குக் கடன் கொடுக்கிற நாம் ஒரு பழைய சைக்கிளுக்கு உள்கடன் கொடுக்கலாமே.

கல்யாணக் கடன் மனு வந்தால்

இதைப் பேசாமல் பாடத்தை முடிக்க முடியாது. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேருக்கு 18 முடிவதற்குள் கல்யாணம் நடந்திருக்கிறது. கல்யாணம் என்றால் பணம் வேண்டும். பணத்துக்கு மனு எங்கே வரும்? நம் குழுவுக்கு வரும்.

கல்யாணக் கடன் மனுவில் பெண்ணின் பிறந்த தேதி என்று ஒரு வரி சேர்த்து, பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகலை இணைக்கச் சொல்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. தீர்மான நோட்டில் ஒரு தடவை எழுதிவிட்டால் எல்லோருக்கும் பொது, யாரையும் தனியாகச் சந்தேகப்பட்டதாக ஆகாது. 2006-ஆம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். மீறினால் மாப்பிள்ளை, நடத்தி வைத்தவர், துணை போனவர் எல்லோருக்கும் 2 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெண்களுக்குச் சிறை இல்லை என்று சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ‘அப்போ நமக்கு ஒண்ணும் ஆகாது’ என்று நினைத்தால், உள்ளே போவது வீட்டு ஆண்களும் மாப்பிள்ளையும்.

உடனே ஒரு கேள்வி வரும். ‘நாம குடுக்கலேன்னா கந்துவட்டிக்காரன்கிட்ட போவாங்க, கல்யாணம் நிக்கவா போகுது?’ நியாயமான கேள்வி. வெறுமனே மனுவைத் தள்ளுவது போதாது என்பதுதான் அதற்குப் பதில். ஏன் அவசரப்படுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். பகலில் பெண் தனியாக வீட்டில் இருக்கிறாள் என்ற பயமா? யாரோ ஒரு பையனோடு பேசினாள் என்ற பேச்சா? வயது ஏறினால் நகை அதிகம் கேட்பார்கள் என்ற கணக்கா? பாட்டி கண் மூடுவதற்குள் பார்க்கணும் என்பதா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி. தனியாக இருப்பதுதான் பயம் என்றால் மாலை மையமே பாதி மருந்து. நகைதான் கவலை என்றால் இன்றைக்கே அவள் பெயரில் ஒரு சேமிப்புத் தொடங்கலாம்.

பேசியும் கேட்கவில்லை, தேதி குறித்துவிட்டார்கள் என்றால் 1098-க்குப் போன் செய்ய வேண்டும். 1996-ல் மும்பையில் தொண்டு அமைப்பாகத் தொடங்கிய எண் அது, 2023-லிருந்து அரசே நடத்துகிறது. 24 மணி நேரமும் இலவசம். சொன்னவர் பெயரை வெளியே விட மாட்டார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அவரிடமும் சொல்லலாம். நீதிமன்றத் தடை வாங்கவும் முடியும். அந்தத் தடையை மீறி நடந்த கல்யாணம் செல்லாது.

செவ்வாய்க்கிழமை கல்யாணம் நின்றுவிட்டது. அதிகாரிகள் எழுதி வாங்கிக்கொண்டு ஜீப்பில் போய்விட்டார்கள். புதன்கிழமை காலையில் அந்தப் பெண் என்ன செய்வாள்? வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் புதன்கிழமைக்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குழுவிலிருந்து இரண்டு பேர் முதல் ஒரு மாதம் அவளைக் கூடவே பள்ளிக்கு அழைத்துப் போகலாம். வீட்டில் வைத்துக்கொள்ளவே மாட்டோம் என்றால் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா போன்ற உண்டு உறைவிடப் பள்ளி பக்கத்தில் இருக்கிறதா என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்ததாகத் தெரிந்தால் அது பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. 2012-ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரானாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து வைத்து அபராதம் போட்டு முடிப்பது சட்டப்படி குற்றத்தை மறைத்த கணக்கு.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பள்ளிக்கூடத்து வாசலுக்கு 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட், பாக்கு விற்கிற கடை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். 2003-ஆம் வருடத்துச் சட்டப்படி அது கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் புகையிலையோ சாராயமோ கொடுத்தால் 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் 7 வருடம் வரை சிறை உண்டு. கடைக்காரர் நம் ஊர்க்காரர்தான், முதலில் போய்ச் சொல்லிப் பார்க்கலாம்.

கூட்டத்தில் பேச

நம் குழு உறுப்பினர்கள் வீடுகளில் 10 முதல் 18 வயதுக்குள் எத்தனை பிள்ளைகள்? அதில் பள்ளிக்குப் போகாதவர்கள் எத்தனை பேர், நின்றது எந்த வகுப்பில், ஏன்?

சென்ற மூன்று வருடத்தில் நம் குழு கொடுத்த கல்யாணக் கடன்களில் பெண்ணின் வயது எழுதப்பட்டிருக்கிறதா?

சாயங்காலம் நாலரை மணிக்கு நம் ஊரில் பூட்டிக் கிடக்கிற கட்டடம் எது, சாவி யாரிடம்?

ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். தலைவர் யார், நம் கூட்டமைப்பிலிருந்து யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கிராம சபையில் கேட்கலாம்.

முதல் கேள்விக்கான பட்டியலை ஊக்குநர்கள் ஒரு பக்கத் தாளில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவரவும். பிள்ளைகளின் பெயரைத் தாளில் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும்.